பல்லியைத் தொடவும்

கம்ப்யூட்டரைக் கும்பிட்டவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

நான் கும்பிட்டேன். இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு பல்கலைக்கழகத்தில். பெரிய படிப்பு படித்தவர்கள் சிலர் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்க, செருப்பைக் கழற்றிவிட்டு, கை கூப்பி, கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டு...

நான் மட்டுமில்லை. என்னோடு வந்த எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் கும்பிட்டார்கள். சிரிக்காதீர்கள். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் ஏகாம்பரம் குடும்பம் குடியிருக்கிறது. ஏகாம்பரம் ஒரு பட்டுக்கடையில் சேல்ஸ்மேன். காலையிலிருந்து இரவு வரை மெத்தையில் உட்கார்ந்து புடவையை விரிப்பதும் மடிப்பதுமாக இருப்பவர். அவருக்கு ஒரே பெண், ஹேமா. பிளஸ் டூவில் நல்ல மார்க். கம்ப்யூட்டர் படிக்கப் போகிறாள் என்று தெரு முழுக்கத் தெரியும். ஏகாம்பரமே கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

ஆனால் அவள் போய்ச் சேர்ந்தது வேறு மாதிரியான படிப்பு. சென்னைக்குப் போகிற வழியில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் புதிதாக ஒரு பிரிவு ஆரம்பித்திருக்கிறார்கள். அதற்கு ஸ்கூல் என்றுதான் பெயர். கம்ப்யூட்டரை மட்டும் தனியாகப் படிக்காமல், அதோடு இன்னொரு படிப்பையும் சேர்த்துப் படிக்கிற இடமாம். ஒரு அறையில் கம்ப்யூட்டரும் சங்கீதமும். இன்னொன்றில் கம்ப்யூட்டரும் வைத்தியமும். அடுத்ததில் கம்ப்யூட்டரும் விவசாயமும். ஹேமா எடுத்தது கம்ப்யூட்டரும் மனோதத்துவமும்.

"கம்ப்யூட்டர்னா கம்ப்யூட்டர் படி. மனசுன்னா மனசைப் படி. அது இன்னா பாதி இது பாதி?" என்று ஏகாம்பரம் அன்றைக்கு ஆரம்பித்தவர்தான். இரண்டு வருஷமாக நிறுத்தவில்லை.

அவர் கஷ்டம் அவருக்கு. கடையில் யாராவது, "பொண்ணு என்ன படிக்கிறா?" என்று கேட்டால் அவருக்குச் சொல்ல வரவில்லை. ஒரு தடவை முழுப் பெயரையும் சொல்லியிருக்கிறார். கேட்டவர், "அப்போ டாக்டரா, இன்ஜினீயரா?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். அன்று இரவு சாப்பிடவில்லையாம். கடைசியில் பெண்ணிடம் ஒரு ஒப்பந்தம் போட்டார். இந்த வருஷம் செய்கிற ப்ராஜெக்ட்டில் அவள் தேறினால் படிப்பு தொடரும். தேறாவிட்டால் அங்கே போவதை நிறுத்திவிட்டு, ஊரிலேயே பி.காம்.

ஹேமாவும் சரி என்று தலையாட்டிவிட்டாள். ஏன் தலையாட்டினாள் என்று கேட்டேன். "ப்ராஜெக்ட் நல்லா வந்துடும் பெரியம்மா, பாருங்க" என்றாள். அந்த வயதில் அப்படித்தான் தோன்றும்.

ப்ராஜெக்ட் இதுதான். பெரிய ரயில்வே ஸ்டேஷன்களில் விரலால் தொட்டால் பதில் சொல்கிற பெட்டி வைத்திருக்கிறார்களே, அது மாதிரி நம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒன்று. எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று தொட்டால், எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று சொல்லும். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர்களும் தாங்களாகவே பயன்படுத்த வேண்டும். அதுதான் பரீட்சை.

கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்க்காதவர்களுக்கு எங்கள் தெருவில் பஞ்சமா? ஹேமா எங்களைக் கேட்டாள். எனக்குக் கூட்டம் என்றாலே கூச்சம். ஐந்தாவதோடு நின்ற எனக்குப் பல்கலைக்கழகத்தில் என்ன வேலை? நாலு பேர் நடுவில் வாய் திறக்க வராமல்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன், உங்களுக்குத் தெரியாததா. ஆனால் அந்தப் பெண் கெஞ்சிக் கேட்டாள். போனோம். அவர்களே வேன் அனுப்பினார்கள். நாங்கள் தூக்கு நிறைய கோவில் இட்லி எடுத்துக்கொண்டோம். பரீட்சை பார்க்கிறவர்களும் சாப்பிட வேண்டாமா?

ஒருவர் ஒருவராக உள்ளே கூப்பிட்டார்கள். ஹேமா எங்களுக்கு எதுவும் சொல்லித் தரக் கூடாது என்பது விதியாம். அவள் சுவரோரமாக நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நான் போய் நின்றேன். பெட்டியில் சட்டென்று வெளிச்சம் வந்தது. பார்த்தால்... பெருமாள்! முழு அலங்காரத்தில், மாலையும் கிரீடமுமாக, திரை முழுக்க நிற்கிறார். மங்களகரமாக ஆரம்பிக்க வேண்டும் என்று ஹேமாதான் அந்தப் படத்தை வைத்திருக்கிறாள். குறுக்கே ஒரு வரி எழுதியிருந்தது. 'படத்தைத் தொடவும்.'

தொட்டேன். எங்கே? பாதத்தை. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. நடக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. கோவிலில் மட்டும் என்ன நடக்கிறது? கும்பிட்டு முடிந்தால் நகர வேண்டியதுதான். நகர்ந்துவிட்டேன்.

எனக்குப் பின்னால் வந்தவர்களும் அதையேதான் செய்திருக்கிறார்கள். ஒருத்தி பக்கவாட்டில் நகர்ந்து பிரதட்சணத்துக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தாளாம். ஒருத்தர்கூட பஸ் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும், கண்ணாடி போட்ட ஒரு மேடம், ஹேமாவின் புரொஃபசர், எங்களைத் தனித்தனியாக விசாரித்தார். எப்படி இருந்தது? ஏதாவது சிரமம்? ரொம்ப நன்றாக இருந்தது என்றோம். தரிசனம் திவ்யமாக இருந்தது என்றோம். பெண் கெட்டிக்காரி, நல்ல குடும்பம், என்றுகூடச் சொல்லிவைத்தோம். நம் வீட்டுப் பெண் நாலு பேருக்கு முன்னால் ஒன்றைச் செய்து காட்டும்போது, குறையா சொல்வார்கள்? விருந்துக்குப் போன இடத்தில் பாயசம் ஆறிப் போயிருந்தாலும், இன்னொரு கரண்டி போடுங்கள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் இல்லையா நாம்?

அதுதான் வினையாகப் போயிற்று.

"எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்றாங்க. ஆனா ஒருத்தரும் முதல் பக்கத்தையே தாண்டலை. ஏன்? அதைக் கண்டுபிடிச்சு, சரி பண்ணிக் காட்டினாத்தான் மார்க்" என்று மேடம் சொல்லிவிட்டார். பத்துப் பதினைந்து நாள் அவகாசம்.

ஹேமா எங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து திரும்பக் கேட்டாள். என்ன குறை? எங்கே புரியவில்லை? பெருமாள் படத்தில் என்ன குறை சொல்ல முடியும்? நானும்தான், "எல்லாம் நல்லா இருந்துச்சும்மா" என்று சொல்லி, ஒரு தட்டில் முறுக்கு வைத்து அனுப்பினேன்.

மறுநாள் சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அன்று கடைக்கு லீவு. ஏகாம்பரம் கீழே சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பி.காம் அப்ளிகேஷன் எப்போது தருவார்கள் என்று விசாரித்து வைத்திருப்பதாக ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார். பெண் அழுவதைப் பார்த்ததும் அவருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. கோபமும் போகவில்லை.

"எல்லாம் நல்லா இருக்குதுன்னாங்களா? அப்போ யாருக்கும் பிடிக்கலைன்னு அர்த்தம்" என்றார், தலையை நிமிர்த்தாமல். "கடையில பார்க்கறேனே. 'எல்லாமே நல்லா இருக்குதுப்பா'ன்னு சொல்றவங்க எழுந்து போறதுக்கு ரெடியாயிட்டாங்கன்னு அர்த்தம். 'பார்டர் இவ்ளோ அகலமா? முந்தி என்ன இப்டி அடிக்குது? வேற கலர் இருக்குதா?'ன்னு நச்சரிக்கிறவங்கதான் வாங்கிக்கினு போவாங்க."

ஹேமா அழுகையை நிறுத்தினாள். அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் வாசலில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள்.

"பெரியம்மா, நம்ம தெருவுல குறை சொல்றவங்க யாரு?"

இதைக் கேட்கவும் வேண்டுமா? நாங்கள் மூவருமே எதிர்ச்சாரியில் இருக்கும் பச்சைக் கதவைத்தான் பார்த்தோம்.

நவநீதம். எனக்குக் கொஞ்சம் இளையவள். அவள் குறை சொல்லாத கல்யாணம் எங்கள் தெருவில் நடந்ததில்லை. புதுவீட்டுக்குப் போனால் வாசற்படி உயரம் என்பாள். குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால் தொட்டிலின் கயிற்றை இழுத்துப் பார்ப்பாள். ஹேமாவின் காதுகுத்துக்கு வந்து, "பாயசத்துல பால் எங்கே?" என்று பந்தியிலேயே கேட்டவள். அன்றிலிருந்து மாடிக்கும் அந்தப் பச்சைக் கதவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வேனில் எங்களோடு வர அவளை யாரும் கூப்பிடவில்லை என்று சொல்லவும் வேண்டுமா?

யார் போய்க் கூப்பிடுவது? யாரோடும் சண்டை போடாதவள் தெருவில் நான் ஒருத்திதானாம். சண்டை போடவும் வாய் வேண்டுமே! அது இல்லாததால் கிடைத்த பெயர்.

போய் வாசலில் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"வாம்மா பத்திரிகைக்காரம்மா. அன்னிக்கு வேன்ல எல்லாம் ஏறிக்கினு போனீங்களே, அப்போ என் வூடு கண்ணுக்குத் தெரியலையா?"

நான் விஷயத்தை மென்று முழுங்கிச் சொன்னேன். குறை கண்டுபிடிக்க ஆள் வேண்டும் என்று பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அப்படியே சொல்லிவிட்டேன்.

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கோபப்படுவாள் என்று நினைத்தேன். உள்ளே போய் நல்ல புடவையாக ஒன்றை எடுத்து உதறினாள். "என்னிக்குப் போவணும்?" என்றாள்.

இந்தத் தடவை வேனில் ஹேமா, நவநீதம், துணைக்கு நான். வேனில் ஏறும்போதே படி உயரம். வாலாஜாபாத் தாண்டுவதற்குள் டிரைவர் ஹாரன் அடிப்பது அதிகம். உள்ளே போனால் ஏ.சி. அதிகம், காபியில் டிகாஷன் குறைவு. மேடத்தைப் பார்த்து, இவ்வளவு படித்திருக்கிறாயே, சாப்பிடுகிறாயா இல்லையா, என்று கேட்டாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெட்டியில் பெருமாள் வந்தார். நவநீதம் கும்பிட்டாள். பாதத்தைத் தொட்டாள். ஒற்றிக்கொண்டாள். இவளும் நகர்ந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். நகரவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சரி, கும்பிட்டாச்சு. பஸ் எங்கே?"

ஹேமா பேசவில்லை. விதி.

"ஏய், உன்னைத்தான் கேக்கறேன். வாயில கொழுக்கட்டையா?"

ஹேமா பேசவில்லை. மேடம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

நவநீதம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த வரியைப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு ஹேமாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"படத்தைத் தொடவும்னா எங்கே? மார்லயா? பெருமாள் மார்ல போய் எவளாவது விரலை வெச்சுக் குத்துவாளா? அங்கே தாயார் இருக்கறா. புத்தி இருக்குதா உனக்கு? குளிச்சாளோ இல்லையோ, பஸ்ஸுக்கு வர்றவ எல்லாம் சாமி மேல கை வைப்பாளா?"

ஹேமா வாயைப் பொத்திக்கொண்டாள். விஷயம் அவ்வளவுதான். படத்தின் நடுவில் தொட்டால்தான் அடுத்த பக்கம் வரும்படி அவள் செய்திருக்கிறாள். பாதத்தில் தொட்டால் ஒன்றும் வராது. எங்களில் யாராவது பாதத்தை விட்டு மேலே கையைக் கொண்டுபோவோமா? செத்தாலும் மாட்டோம். அது எங்களுக்கு எவ்வளவு இயல்பு என்றால், அதை ஒரு காரணமாக எடுத்துச் சொல்லவேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

நவநீதம் நிறுத்தவில்லை. போகிற போக்கில்தான் அதைச் சொன்னாள். கிண்டலாகத்தான் சொன்னாள்.

"தொடணும்னா பல்லியைப் போடு. அதைத்தான் ஊர் ஊரா வந்து தடவிட்டுப் போவுதுங்க."

மேடமும் ஹேமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கள் பெருமாள் கோவிலுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். மேலே கூரையில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும். படியேறி, கையை நீட்டி, அவற்றைத் தொடாமல் யாராவது கீழே இறங்கியிருக்கிறார்களா? குழந்தையைத் தூக்கிப் பிடித்துத் தொட வைப்பார்கள். தொடுவதற்கென்றே இருக்கிற ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, தொடக் கூடாததைத் தொடச் சொல்லியிருக்கிறாள் இந்தப் பெண்!

மேடம் எழுந்து நின்று கைதட்டினார். நவநீதத்துக்கு எதற்கென்று புரியவில்லை. கைதட்டலும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த பக்கத்தைத் திறந்து காட்டியதும் இன்னொன்றும் சொன்னாள். ஊர்ப் பெயரையெல்லாம் அகர வரிசையில் அடுக்கி வைத்திருந்தார்கள். தென்னேரிக்குப் போகிறவள் அகர வரிசையிலா போகிறாள்? வாலாஜாபாத் பக்கம், செங்கல்பட்டு பக்கம், அரக்கோணம் பக்கம் என்று பக்கம் பக்கமாகப் போடு என்றாள். ஹேமா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். காபியில் டிகாஷன் குறைவு என்பதையும் சேர்த்து.

கடைசிப் பரீட்சை நாளும் வந்தது. பழைய கூட்டம் மொத்தமும் வேனில் ஏறினோம். முன்சீட்டில் நவநீதம். ஏகாம்பரமும் கடைக்கு லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து கடைசி சீட்டில் உட்கார்ந்தார். பி.காம் அப்ளிகேஷன் வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். மாடிக்குப் போகும்போது அலமாரி மேல் பார்த்தேன்.

பெட்டியில் வெளிச்சம் வந்தது. பெருமாளைக் காணோம். மேலே ஒரு ஓரத்தில் கோபுரம் மட்டும் சின்னதாக. நடுவில் மஞ்சளாக, நன்றாகக் கொழுத்த ஒரு பல்லி. அவ்வளவுதான். எழுத்துகூடத் தேவைப்படவில்லை. முதலில் போனவள் யோசிக்கவே இல்லை, நேராகக் கையை நீட்டித் தொட்டாள். பக்கம் திறந்தது. அடுத்தவள் தொட்டாள். நானும் தொட்டேன். வாலாஜாபாத் பக்கம் போய், தென்னேரி பஸ் பார்த்துவிட்டு வந்தேன். பஸ் ஏறிப் போய் வந்த மாதிரியே பெருமையாக இருந்தது.

பரீட்சை வைக்க வெளியூரிலிருந்து வந்திருந்த ஒருவர், பின்னால் நின்றிருந்த ஏகாம்பரத்தையும் கூப்பிட்டார். அது ஹேமாவின் அப்பா என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. ஹேமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பரீட்சையைவிட இந்தப் பரீட்சைக்குத்தான் அவள் பயந்திருப்பாள்.

ஏகாம்பரம் வந்தார். பல்லியைத் தொட்டார். அவருடைய தங்கை தென்னேரியில்தான் இருக்கிறாள். அந்த பஸ்ஸைத்தான் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார்.

"இந்த பஸ் இப்போ இந்த டைமுக்கு இல்லையே. ஸ்கூல் விடற நேரத்துக்கு மாத்திட்டாங்களே" என்றார்.

போச்சு, பெற்ற அப்பாவே கவிழ்த்துவிட்டாரே!

அவர் விடவில்லை. எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம் என்றார். வெயிலில் வைத்தால் கண்ணாடி பளபளத்துப் படிக்க முடியாது என்றார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, கடையில் புடவையைப் பார்க்கிற அம்மாக்கள் மாதிரியே பார்த்தார். கடைசியில் பல்லியைக் காட்டினார்.

"இந்த மஞ்சள் கண்ணை அடிக்குது. வேற கலர் இருக்குதா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. அப்படியே நின்றுவிட்டார்.

ஹேமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வேறு. "இருக்குதுப்பா. காட்டறேன், உக்காருங்க" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். அவள் ஒவ்வொரு கலராக எடுத்து விரித்துக் காட்டினாள். அரக்கு, மாம்பழம், எம்.எஸ். நீலம்... அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொல்லிக்கொண்டே இருந்தார். வெளியூர்க்காரர் மேடத்தைப் பார்த்துச் சிரித்தார்.

ஹேமா தேறிவிட்டாள். பஸ் நேரத்தை அன்றே திருத்தினாள். அலமாரி மேல் இருந்த அப்ளிகேஷனில்தான் வெல்ல அப்பம் மடித்து என் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் இப்போது எண்ணெய்க் கறை.

கடையில் இப்போது யாராவது, "பொண்ணு என்ன படிக்கிறா?" என்று கேட்டால், ஏகாம்பரம் படிப்பின் பெயரைச் சொல்வதில்லை. "ஜனங்க எங்கே கை வைப்பாங்கன்னு படிக்கிறா. கை வைக்கிற இடத்துல கம்ப்யூட்டரைக் கொண்டாந்து வைப்பா" என்கிறாராம். கேட்கிறவர்களுக்கு உடனே புரிந்துவிடுகிறதாம். இரண்டு படிப்பை ஏன் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கும் அப்படித்தான் புரிந்தது. கம்ப்யூட்டரை மட்டும் படித்தவனுக்குப் பெட்டி செய்யத் தெரியும். நாம் ஏன் அதைக் கும்பிட்டுவிட்டுப் போகிறோம் என்று தெரிய, நம்மையும் கொஞ்சம் படிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

நவநீதம்? சங்கீதப் பிரிவு, வைத்தியப் பிரிவு என்று எல்லாப் பிள்ளைகளும் இப்போது அவளைத்தான் கேட்கிறார்கள். வாரா வாரம் அந்தப் பச்சைக் கதவுக்கு முன்னால் வேன் வந்து நிற்கிறது. லேட்டாக வருகிறது என்று நேற்றும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். ஹேமாவின் அம்மா போன வெள்ளிக்கிழமை பால் பாயசம் செய்து அவளுக்கு ஒரு டம்ளர் அனுப்பினாள். சர்க்கரை ஜாஸ்தி என்று பதில் வந்ததாம். டம்ளர் காலியாகத் திரும்பி வந்ததாம்.

நீங்கள் எனக்கு எழுதுகிற கடிதங்களைப் பற்றியும் அப்போதிலிருந்து யோசிக்கிறேன். 'அம்மா, பத்தி ரொம்ப நன்றாக இருந்தது' என்று எவ்வளவு பேர் எழுதுகிறீர்கள்! படித்ததும் சந்தோஷமாகத்தான் இருக்கும். இனிமேல் கொஞ்சம் குறையும் எழுதுங்களேன்.

வெறுமனே 'நன்றாக இருந்தது' என்று எழுதினால்... பாதத்தைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்கள் என்றுதான் நினைத்துக்கொள்வேன்!